நகைத்தவனுக்கு இரங்கல்: ஜோர்ஜ் கார்லினும் நினைவுகூரலின் அரசியலும்

1

மெய்ப்பாடுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர் எண்வகையுள் நகையை முதலிலும் அழுகையை அதனையடுத்தும் வைத்தார். நகை தோன்றும் நிலைக்களன்களுள் எள்ளலை ஒன்றாகவும், அழுகை தோன்றும் நிலைக்களன்களுள் இழவை ஒன்றாகவும் கொண்டார். இவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கங்கள் எவ்வாறிருப்பினும், எள்ளலும் இழவும் மனித அனுபவத்தில் அண்டை அயலில் வாழ்பவை என்பதை இலக்கிய மாணவர் எவரும் ஒப்புக்கொள்வர். எள்ளலையே வாழ்நாட் தொழிலாகக் கொண்ட ஒருவர் இறந்துபடும்பொழுது இவ்விரண்டும் நேருக்கு நேர் நிற்கின்றன. இரங்கல் உரைக்க வருபவர் எம்மொழியில் உரைப்பது? அவரது நாவு எந்தச் சம்பிரதாய வாசகங்களை வாழ்நாள் முழுவதும் எள்ளி நகையாடியதோ அதே வாசகங்களை அவரது பிணத்தின்மீது சொரிவது மரியாதையா, அவமரியாதையா?

இவ்வினா வெறும் நாகரிகம் பற்றியதன்று. ஒரு சமூகம் தன்னைக் கண்டித்தவரை இறந்தபின் எவ்வாறு நினைவுகூருகின்றது என்பது, அக்கண்டனத்தை அது எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதன் தொடர்ச்சியாகும். புகழுரையும் ஒருவகைத் தணிக்கையாகலாம். அந்நோக்கில், ஐக்கிய அமெரிக்காவின் தனிமேடை நகைச்சுவைக் கலைஞர் ஜோர்ஜ் கார்லினது மறைவையும், அதன்பின் அவர்மீது எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. கார்லின் 2008 யூன் 22 இல், தமது 71ஆவது வயதில், கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா நகரில் இதயச் செயலிழப்பால் இறந்தார். அதற்கு நான்கு மாதங்கட்கும் குறைவான காலத்தின் முன், 2008 மார்ச்சில், அவரது இறுதித் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிபரப்பாகியிருந்தது. அந்நிகழ்ச்சியின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று மரணமும், மரணத்தையொட்டி நாம் பேசும் பேச்சும் என்பது மனங்கொள்ளத்தக்கது. தமக்கான இரங்கலுரைகளை அவர் முன்கூட்டியே திறனாய்வு செய்துவிட்டுச் சென்றார் எனலாம்.

2

தனிமேடை நகைச்சுவை என்பது ஒருவர் வேடமோ, துணை நடிகரோ, காட்சியமைப்போ இன்றி ஒலிவாங்கியின் முன் நின்று அவையோரை நேரே விளித்துப் பேசும் கலை. புறத்தோற்றத்தில் எளிமையானது. ஆயின் அதன் பொருளாதார அடித்தளம் எளிமையானதன்று. இராவிடுதி உரிமையாளரும், தொலைக்காட்சி விளம்பரதாரரும், இசைத்தட்டு நிறுவனங்களும் அதனைப் பேணினர், பேணியவாறே கட்டுப்படுத்தினர். கார்லினது கலைவளர்ச்சியை இந்தப் பின்னணியிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது.

1937 மே 12 இல் நியூயோர்க் நகரிற் பிறந்த கார்லின், மன்ஹாட்டனின் மோர்னிங்சைட் ஹைற்ஸ் பகுதியில், ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில், தந்தையைப் பிரிந்து வாழ்ந்த தாயினால் வளர்க்கப்பட்டார். பள்ளிப்படிப்பை முடிக்காது விமானப்படையிற் சேர்ந்து, ஒழுங்குக்கு அடங்காதவர் எனக் கருதப்பட்டு 1957 இல் விடுவிக்கப்பட்டார். லூசியானா மாநிலத்திற் படைப்பணியில் இருந்த காலத்திலேயே அயலிலிருந்த வானொலி நிலையமொன்றில் அறிவிப்பாளராகப் பணிபுரிந்தார். குரலும் சொல்லுமே தமது மூலதனம் என்பதை அவர் கற்றுக்கொண்ட இடம் அதுவே. 1960களில் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, தொலைக்காட்சிக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் எவரையும் நோகச்செய்யாத பாத்திரங்களை நடித்துக் காட்டி நல்ல ஊதியம் பெற்றார். போதை மயக்கத்தில் வானிலை கூறும் அறிவிப்பாளர் என்ற பாத்திரம் அக்காலத்தில் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிக் கொடுத்தது.

அந்தப் புகழே அவருக்கு நெருக்கடியாயிற்று. வியட்நாம் போர் எதிர்ப்பும், கறுப்பு மக்களின் உரிமைப் போராட்டமும், இளந்தலைமுறையின் கலகமும் வீதிகளை நிறைத்த காலத்தில், தாம் பெற்றோர் தலைமுறையை மகிழ்வித்துக்கொண்டு, மனத்தளவிற் பிள்ளைகளின் பக்கம் நிற்பதை அவர் உணர்ந்தார். 1970ஆம் ஆண்டளவில் தாடியும் நீள்முடியும் வளர்த்து, உயர்விலை விடுதிகளை விட்டுச் சிறு காப்பி நிலையங்களுக்கும் கல்லூரி அரங்குகளுக்கும் சென்றார். லாஸ் வேகாஸ் நகரின் விடுதியொன்று மேடையிற் பயன்படுத்திய சொல்லுக்காக அவரை விலக்கியது. வருவாய் வீழ்ந்தது. 1972 இல் வெளிவந்த 'எஃப்.எம். அன்ட் ஏ.எம்.' என்ற இசைத்தட்டின் ஒரு பக்கத்திற் பழைய கார்லினும் மறுபக்கத்திற் புதிய கார்லினும் ஒலித்தனர். ஒரு கலைஞர் தமது கலையின் முறிவுப் புள்ளியையே ஒரு தட்டின் இரு முகங்களாக முன்வைத்தமை, தன்னுணர்வோடு கூடிய செயல் என்பதில் ஐயமில்லை.

இங்கு அவருக்கு முன்னோடியாய் நின்றவர் லெனி புறூஸ். 1962 டிசெம்பரில் சிக்காகோ இராவிடுதியொன்றில் புறூஸ் ஆபாசப் பேச்சுக்காகக் கைதுசெய்யப்பட்டபோது அவையிலிருந்த கார்லின், பொலிசார் கேட்ட அடையாள அட்டையைக் காட்ட மறுத்துத் தாமும் கைதானார். 1964 இல் நியூயோர்க்கிற் குற்றவாளியாகக் காணப்பட்ட புறூஸ், மேடைகள் மூடப்பட்டுப் பொருளிழந்து, 1966 ஓகஸ்ற் 3 இல் நாற்பது வயதில் இறந்தார். அவருக்கு நியூயோர்க் ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2003 டிசெம்பரில். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து வந்த அம்மன்னிப்பு, இறந்தவருக்கு எதனையும் மீட்டுக் கொடுக்கவில்லை. மன்னித்த அரசுக்கு நற்பெயரை ஈட்டிக் கொடுத்தது. நினைவுகூரலின் அரசியலை விளங்கிக்கொள்ள இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

3

கார்லினது பெயர் சட்ட வரலாற்றில் இடம்பெற்றமைக்குக் காரணம், தொலைக்காட்சியில் என்றும் சொல்லலாகாத ஏழு சொற்களைப் பற்றிய அவரது பேச்சாகும். 1972 யூலை 21 இல் மில்வோக்கி நகரின் கோடை விழாவில் அதனை நிகழ்த்தியமைக்காகக் கைதுசெய்யப்பட்டார். அவ்வழக்கு அவ்வாண்டு டிசெம்பரில் தள்ளுபடியாயிற்று. 1973 ஒக்ரோபர் 30 பிற்பகலில், பசிபிக்கா அறக்கட்டளைக்குரிய நியூயோர்க் வானொலி நிலையம் அப்பொருளில் அமைந்த மற்றொரு பேச்சினை ஒலிபரப்ப, மகனுடன் வாகனத்திற் சென்றவேளை அதனைக் கேட்டதாக ஒருவர் முறையிட்டார். முறையீடு தொடர்பாடல் ஆணைக்குழுவுக்கும், மேன்முறையீட்டு நீதிமன்றுக்கும், இறுதியில் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. 1978 யூலை 3 இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், இத்தகைய பேச்சினை ஒலிபரப்பிற் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டெனத் தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பிலிருந்து மாறுபட்ட நீதியரசர் பிறெனன், கறுப்பினத்தவரான நீதியரசர் மார்ஷலின் உடன்பாட்டுடன் எழுதிய கருத்து திறனாய்வாளர் கவனத்துக்கு உரியது. பெரும்பான்மையினர் தமது பண்பாட்டுக் குழுவின் பேச்சு வழக்கையே நாட்டின் பொது நாகரிகமாகக் கொண்டு, வேறு வழக்குடைய மக்கட் கூட்டங்கள்மீது அதனைச் சுமத்துகின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம். எது இழிசொல் என்ற வினாவுக்குப் பின்னால், யாருடைய மொழி இழிமொழி என்ற வினா மறைந்து நிற்கின்றது. மோர்னிங்சைட் ஹைற்ஸ் தெருக்களிலும் படைமுகாமிலும் கார்லின் கேட்டு வளர்ந்த மொழி அது. அச்சொற்களை மேடையேற்றியமை அதிர்ச்சி விளைவிக்கும் விளையாட்டு மட்டுமன்று. பேச்சுவழக்கின் உரிமையை நிலைநாட்டும் முயற்சியுமாகும்.

ஆயின் கார்லினது மொழியாராய்ச்சியின் உச்சம் அவ்வேழு சொற்களன்று என்பது எமது கருத்து. 1990 இல் நிகழ்த்திய பேச்சொன்றில், போரினால் மனமுடைந்த படைவீரரின் நோய்க்கு வழங்கிய பெயர்களை அவர் வரிசைப்படுத்தினார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் குண்டதிர்ச்சி என்று ஈரசையிற் பெயர்பெற்ற நோய், இரண்டாம் உலகப் போரிற் போர்க்களைப்பாயிற்று. கொரியப் போரில் இன்னும் நீண்ட, இயந்திரப் பழுதினைக் குறிப்பது போன்ற தொடராயிற்று. வியட்நாமுக்குப் பின் மருத்துவக் கலைச்சொற்களின் நீண்ட கோவையாயிற்று. பெயர் நீள நீள வலி மறைந்தது என்று அவர் காட்டினார். பழைய பெயரே நிலைத்திருப்பின் வியட்நாமிலிருந்து மீண்ட வீரருக்கு உரிய கவனம் கிட்டியிருக்கக்கூடும் என்பது அவர் முடிபு. மருத்துவத்துறையினர் இதனை முழுமையாக ஒப்பமாட்டார். புதிய பெயரே அந்நோய்க்கு 1980 இல் அதிகாரபூர்வ அங்கீகாரத்தையும் பராமரிப்புக்கான வழியையும் பெற்றுத் தந்தது என்பதும் உண்மை. அவ்வகையில் கார்லினது வாதம் ஒருதலையானது. எனினும், அதிகாரம் தன் செயலின் குருதியை இலக்கணத்தினாற் கழுவுகின்றது என்ற அடிப்படைக் கூற்றின் வன்மை அதனாற் குறையவில்லை. இடக்கரடக்கலை அவையல் கிளவியின் பாற்பட்ட நாகரிகமாக மட்டும் கற்ற நமக்கு, அது அரசாங்கங்களின் கருவியாகவும் இயங்கும் என்பதை இப்பேச்சு உணர்த்துகின்றது.

4

கார்லினை நேசித்தோர் பலர் ஒரு முரண்பாட்டைக் கவனிப்பதில்லை. பொது வானலைகளில் அவர் வாயடைக்கப்பட்டார். அவரது சுதந்திரம் வேறிடத்திற் கிடைத்தது. 1977 முதல் 2008 வரை எச்.பி.ஓ. என்னும் கட்டணத் தொலைக்காட்சியில் அவர் பதினான்கு நிகழ்ச்சிகளை வழங்கினார். சந்தா செலுத்துவோர் மட்டுமே காணும் அத்தொலைக்காட்சிக்கு ஒலிபரப்பு ஆணைக்குழுவின் கட்டுப்பாடு அவ்வாறு பொருந்தவில்லை. விளம்பரதாரருக்கு அஞ்சவேண்டிய தேவையும் அதற்கில்லை. எனவே தணிக்கையற்ற பேச்சு விலைக்கு வந்தது. முதலாளித்துவ சமூகத்தின் கடுமையான கண்டனங்களுள் சிலவற்றை அச்சமூகமே பொதிசெய்து விற்றது. உரிமைப் போராட்டம் நீதிமன்றத்தில் தோற்று, சந்தையில் வென்றது எனலாம். அவ்வெற்றியின் தன்மையை ஆராயாது அதனைக் கொண்டாடுவது முற்போக்குத் திறனாய்வாகாது.

இந்தச் சூழ்நிலை அவரது பார்வையையும் பாதித்தது என்றே கருதவேண்டியுள்ளது. 1992 இல் நியூயோர்க்கில் நிகழ்த்திய பேச்சில் வளைகுடாப் போரைக் கண்டித்தார். வீடற்றோருக்கு வீடமைக்க கோல்ப் மைதானங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை கூறினார். நகைச்சுவையாயினும் அது ஒரு நிலச்சீர்திருத்த யோசனையே. அங்கு கோபத்தின் பின்னே ஒரு கோரிக்கை இருந்தது. பிற்காலத்தில் அவர் தமது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். நாட்டினதும் மனித இனத்தினதும் எதிர்காலத்தில் தமக்கு எவ்விதப் பங்கும் இல்லையென்றும், தாம் வெறும் பார்வையாளரே என்றும் நேர்காணல்களிலும் எழுத்திலும் கூறலானார். வாக்களிப்பதை விட்டுவிட்டதாக 1996 இல் மேடையிலேயே அறிவித்தார். 2005 இல் நிகழ்த்திய புகழ்பெற்ற பேச்சில், நாட்டுக்கு உடைமையாளர் உளர், அவர்களே அனைத்தையும் தீர்மானிக்கின்றனர், அவர்களுக்கு வேண்டியது கேள்வி கேட்கும் குடிமக்களல்லர், இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த பணிவான தொழிலாளரே என்று முழங்கினார். உழைப்போரின் ஓய்வூதியப் பணத்தையும் அவர்கள் பறிப்பர் என்று எச்சரித்தார். 2008 செப்டெம்பரில் லீமன் பிறதர்ஸ் வங்கி சரிந்து நிதிநெருக்கடி உலகைச் சூழ்ந்தபோது, எச்சரித்தவர் இறந்து மூன்று மாதங்களாகவில்லை.

வர்க்க ஆட்சியினை இத்துணை வெளிப்படையாகப் பொதுமேடையில் உரைத்த அமெரிக்கக் கேளிக்கைக் கலைஞர் மிகச் சிலரே. எனினும் அப்பேச்சில் ஒரு வர்க்கம் மட்டுமே செயற்படுகின்றது. உடைமையாளர் திட்டமிடுகின்றனர், வாங்குகின்றனர், பறிக்கின்றனர். மக்களோ உறங்குகின்றனர், உண்கின்றனர், ஏமாறுகின்றனர். மாற்றத்தின் விதைகள் அச்சித்திரத்தில் எங்கும் இல்லை. யதார்த்தத்தின் ஒரு பாதியைக் கூர்மையாகக் கண்டு மறுபாதியைக் காணாது விடுதல் இயற்பண்பு வாதத்துக்குரிய குறைபாடு என்பது நாவலிலக்கியத் திறனாய்வில் நாம் அறிந்ததே. இறுதிக்காலக் கார்லினிடமும் அக்குறைபாடு உண்டு. பார்வையாளன் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர், ஆண்டுதோறும் ஊரூராகச் சென்று மக்களுடன் உரையாடினார் என்பதே அக்கூற்றுக்கு மறுப்பு. உண்மையாகவே நம்பிக்கை இழந்தவர் தமது வாக்கியங்களை அத்துணை கவனத்துடன் செப்பஞ்செய்யமாட்டார்.

இதனை அவரது சமகாலத்தவரான றிச்சட் பிறையரோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. 2005 டிசெம்பர் 10 இல் மறைந்த பிறையர், கறுப்பு மக்களின் வாழ்வுக்குள் நின்று, குடிகாரர், மதபோதகர், கதைசொல்லும் முதியவர் எனப் பல மனிதராக மாறிப் பேசியவர். அவர் சிரிப்பிற் பலர் வாழ்கின்றனர். கார்லினது சிரிப்பில் ஒரே குரல் நின்று நியாயம் உரைக்கின்றது. முன்னது நாடகத்துக்கும் பின்னது கட்டுரைக்கும் நெருக்கமானது. தனிமனிதக் குரலின் வன்மையும் தனிமையும் கார்லினிடம் ஒருங்கே காணப்படுவதற்கு இவ்வடிவ வேறுபாடும் ஒரு காரணமாகும்.

5

இனி நினைவுகூரலுக்கு வருவோம். இறுதி நிகழ்ச்சியில் கார்லின், இறந்த நண்பரின் பெயரை விலாசப் புத்தகத்திலிருந்து நீக்குவது பற்றிப் பேசினார். உடனே நீக்குதல் தகாது, ஆறு வாரம் பொறுத்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. சாவு வீட்டில், ஏதும் உதவி வேண்டுமாயிற் கேளுங்கள் என்று கூறிச் செல்வோரையும், இறந்தவர் மேலிருந்து நம்மைப் பார்த்துப் புன்னகைக்கின்றார் என்று நம்புவோரையும் எள்ளினார். அவை சிரித்தது. ஆயின் அந்த ஆறு வாரத்தைப் பற்றிச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். மேலுலகம் இல்லையென்று கொண்டவருக்கு ஆறு வாரம் எதற்கு? பெயர் மையால் எழுதப்பட்ட ஒரு கோடன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். சமயச் சடங்கை மறுத்தவரும் துக்கத்துக்கு ஒரு காலவரையறையையும், கைக்கு ஒரு செயலையும் வேண்டி நிற்கின்றார். அந்நகைச்சுவையின் அடியில் ஓடுவது இழவே.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. பெருந்தொகையினர் இறப்பது தமக்கு விருப்பம் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நிகழ்ச்சியை அவர் 2001 செப்டெம்பர் 9, 10 ஆகிய தினங்களில் லாஸ் வேகாசில் நிகழ்த்திப் பார்த்திருந்தார். மறுநாள் நியூயோர்க் தாக்கப்பட்டது. தலைப்பும் உரிய பகுதிகளும் கைவிடப்பட்டு, வேறொரு பெயரில் அவ்வாண்டு நவம்பரில் நியூயோர்க்கிலேயே நிகழ்ச்சி அரங்கேறியது. பழைய பதிவு 2016 இலேயே வெளிவந்தது. இதனைக் கோழைத்தனம் என்பாரும் உளர். அவ்வாறன்று. தொலைவிலுள்ள மரணத்தைப் பற்றிய எள்ளலுக்கும் அயலவரின் பிணத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டினை அறிந்தமையின் அடையாளம் அது. பார்வையாளன் என்ற வேடம் அங்கு கலைந்தது.

அவர் மறைந்த இரண்டு தினங்களில், சக நகைச்சுவைக் கலைஞர் ஜெரி சைன்ஃபெல்ட் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை, நல்ல இரங்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒன்பது தினங்களுக்கு முன் தாமிருவரும் தொலைபேசியிற் பேசியதையும், அண்மையில் இறந்த இரு பிரபலங்களைக் குறித்து, இனித் தமக்குச் சற்றுக் காலம் அபாயமில்லை எனக் கார்லின் வேடிக்கை செய்ததையும் அவர் நினைவுகூர்ந்தார். நண்பரின் மரணத்தை நண்பரின் மொழியிலேயே எழுதினார். கார்லின் விட்டுச் சென்ற குறிப்பும் இதற்கு இசைவானதே. தமது உடல் எரிக்கப்படவேண்டும், சாம்பலை எவரும் வைத்திருத்தலாகாது, பொது வைபவமோ சமயச் சடங்கோ வேண்டாம், வீட்டில் நண்பர் கூடித் தமக்குப் பிடித்த இசையைக் கேட்டு நன்றாகச் சிரிக்கவேண்டும் என்பது அதன் சாரம். சாம்பல், அவர் ஆரம்பத்தில் மேடையேறிய நியூயோர்க் விடுதிகளின் முன்பும், சிறுவயதில் முகாமிட்ட நியூஹம்ப்ஷயர் ஏரியொன்றிலும் தூவப்பட்டது.

நிறுவனங்களின் நினைவுகூரல் வேறு வகையினது. அவர் இறப்பதற்கு நான்கு தினங்களின் முன்னரே நகைச்சுவைக்கான மார்க் ருவெயின் பரிசு அவருக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. 2008 நவம்பரில் வாஷிங்டனில் அது மரணத்தின் பின் வழங்கப்பட்டது. நாற்பதாண்டுகள் தலைநகரின் மொழியைக் கண்டித்தவருக்குத் தலைநகர் பொன்னாடை போர்த்தியது. 2014 இல் மன்ஹாட்டனின் 121ஆம் வீதியில் ஒரு பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் கற்ற பள்ளிக்குரிய தேவாலயம், தனது வாசலில் அப்பெயர் விளங்குவதை எதிர்த்தமையால், பெயர்ப்பலகை அடுத்த பகுதிக்கு நகர்ந்தது. எமது கருத்தில், பரிசினைக் காட்டிலும் இத்தகராறே உண்மையான அஞ்சலி. இறந்து ஆறாண்டு கழிந்தும் ஒரு பெயர் ஒரு வாசலை உறுத்துமாயின் அப்பெயர் இன்னும் உயிரோடிருக்கின்றது என்பதே பொருள்.

இவற்றினும் கவலைக்குரியது, அவர் கூறாதவற்றை அவர் வாயில் இடும் போக்கு. நவீன வாழ்வின் முரண்பாடுகளைப் பட்டியலிட்டு, அன்புரையோடு முடியும் ஓர் இனிய உபதேசம் அவர் பெயரில் உலகெங்கும் வலம் வந்தது. உண்மையில் அது ஒரு மதபோதகரின் எழுத்து. கார்லின் உயிரோடிருந்த காலத்திலேயே அதனைக் கடுமையாக மறுத்தும் அது நிற்கவில்லை. கசப்பான மருந்தை மறந்து, அதே போத்தலில் இனிப்பை நிரப்பும் இச்செயல் தற்செயலானதன்று. 2024 ஜனவரியில் இப்போக்கு அதன் உச்சத்தை எட்டியது. செயற்கை நுண்ணறிவு கார்லினது குரலைப் பாவித்து ஒருமணிநேர நிகழ்ச்சியொன்றை உருவாக்கியதாகக் கூறி, ஒலிபரப்புக் குழுவொன்று அதனை இணையத்தில் வெளியிட்டது. அவர் மகள் கெலி கார்லின் எதிர்ப்புத் தெரிவித்தார். அவரது உரிமைச்சொத்தின் பொறுப்பாளர் வழக்குத் தொடுத்தனர். பேச்சின் வாசகத்தை எழுதியது இயந்திரமன்று, மனிதரே என்று எதிர்த்தரப்பின் பேச்சாளர் பின்னர் தெரிவித்தார். ஏப்ரிலில் இணக்கம் ஏற்பட்டு அந்நிகழ்ச்சி அகற்றப்பட்டது.

இங்கு பிரச்சினை பதிப்புரிமை மட்டுமன்று. ஒரு நகைச்சுவைக் கலைஞரின் சொல்லுக்குப் பெறுமதி தருவது அதன் பின்னுள்ள இழப்பு. கார்லின் தொழிலை இழந்தார், விலங்கு பூண்டார், நீதிமன்றம் ஏறினார். அவர் பேச்சு ஒருவரது உடல் கொடுத்த சாட்சியம். கைதுசெய்யப்பட முடியாத குரல் எத்துணை கடுமையாகப் பேசினும் அது சாட்சியமாகாது. இறந்தவர்களை ஓயாது பேசவைக்கும் வணிகம், அவர்கள் பேசியதைக் கேளாதிருப்பதற்கான மிகநவீனமான வழியாகும்.

6

அவ்வாறாயின் எவ்வாறு இரங்குவது? நமது நாட்டார் மரபில் ஒப்பாரி, இறந்தவரைப் புகழ்வதோடு அமைவதில்லை. ஒப்பாரி சொல்லும் பெண், இழவை வாயிலாகக் கொண்டு உயிரோடிருப்போரின் கொடுமையையும், தன் வறுமையையும், தனக்கிழைக்கப்பட்ட அநீதியையும் அவையறியக் கூறிவிடுகின்றாள். அவ்வேளையில் எவரும் அவள் வாயை மூடத் துணிவதில்லை. துக்கம் அவளுக்குப் பேச்சுரிமை வழங்குகின்றது. கார்லினுக்கும் ஒப்பாரிக்கும் தொடர்பேதும் இல்லை. ஆயினும், துக்கம் கண்டனத்தை அடக்கவேண்டியதில்லை, அதற்கு வழிவிடவும் கூடும் என்ற உண்மையை ஒப்பாரியினூடாக நாம் அறிவோம்.

2022 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் கருக்கலைப்பு உரிமை பறிபோகும் நிலை தெரியவந்தபோது, 1996 இல் கார்லின் ஆற்றிய பேச்சொன்று மீண்டும் பெருமளவிற் பரவியது. பிறவாத குழந்தைக்காக வருந்துவோர் பிறந்த குழந்தையைக் கைவிடுவது பற்றிய பேச்சு அது. யாரும் அதனைத் திருத்தவில்லை. அவர் குரலிற் புதிதாக எதனையும் சேர்க்கவில்லை. இறந்தவரின் சொல் உயிரோடிருப்போரின் தேவைக்கு அப்படியே பயன்பட்டது. பரிசும் பெயர்ப்பலகையும் செய்யாத பணியை அது செய்தது.

கார்லினை நேசிப்பவருக்கு உரிய கடமை இரண்டு. அவர் கண்டதை மழுங்கச் செய்யாது காத்தல் ஒன்று. அவர் காணாது விட்டதை, அதாவது உறங்குவதாக அவர் சித்திரித்த மக்களின் விழிப்பினை, அவர்பால் வைத்த அன்பினாலேயே மறைக்காது எடுத்துரைத்தல் மற்றொன்று. குறைகளையும் கூறி நினைவுகூர்வதே, பொய்ப்புகழை வெறுத்த ஒருவருக்கு நாம் செய்யும் மரியாதை. விலாசப் புத்தகத்திலிருந்து பெயரை நீக்க அவர் வகுத்த ஆறு வாரம் கடந்து பதினேழு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. அதற்குக் காரணம் பழைய நேசம் மட்டுமாயின் அப்பெயரை நீக்கிவிடலாம். அவர் தொடுத்த வினாக்களுக்கு விடை கிடைக்கவில்லை என்பது காரணமாயின், அப்பெயர் இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கின்றது.